போகிற நாளில் வெள்ளை

டால்டா உருகி ஓரத்தில் நுரை கட்டியதும் அம்சவேணி மைதாவைக் கொட்டினாள். கொட்டிவிட்டால் பிறகு கரண்டியை விடக் கூடாது, விட்டால் கட்டி தட்டும். தட்டட்டுமே, தட்டினால் யார் குடி முழுகிப் போகும் என்று நினைத்தாள், ஆனால் கை அவள் பேச்சைக் கேட்காமல் ஒரே பக்கமாகச் சுற்றியது. இடமிருந்து வலமாகத்தான் கிண்ட வேண்டும், மாற்றிக் கிண்டினால் திரிந்துவிடும் என்று இந்த வீட்டில் ஒரு சட்டம். பட்டாளத்து வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டம். மாவு கொழுப்பில் வறுபடுவதற்கும் கரண்டி சுற்றுகிற திசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவள் வேதியியல் படித்தவள், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை இடமிருந்து வலமாகவே போனது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அம்மா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள், தம்பியின் போட்டோவை மடியில் கட்டிக்கொண்டு, சாமி காலடியில் வைத்துத் தேங்காய் உடைக்க. தம்பி தெருமுனையில் இருந்தான், அவன் முகத்தைப் போட்டுக் கட்டியிருந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே, டீக்கடை பெஞ்சில், கூட்டாளிகளுக்கு நடுவில். தாய் மண்ணைக் காக்கப் புறப்படும் சிங்கமே என்று எழுதியிருந்தார்கள். சிங்கம் போன வாரம்தான் பல்லியைப் பார்த்து பாத்ரூமிலிருந்து ஈரத் துண்டோடு ஓடி வந்தது. முன்னறையில் நைனா சிங்கத்தின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சர்க், சர்க், சர்க் என்று பிரஷ் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அவர் காலையிலிருந்து வேறு எதுவும் பேசவில்லை. அந்த பிரஷ்தான் பேசுகிறது. மதியம் காட்பாடியில் ரயில். அதற்குள் இதை அவள் செய்து முடித்து அவன் தட்டில் ஊற்றிவிட வேண்டும். ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட வேண்டும்.

ஒன்றும் ஆகாது. ஆகாது என்பதைக் காட்டத்தான் செய்கிறாள். மாவின் பச்சை வாசனை மெல்லப் போய், பிஸ்கட் சுடுகிற மாதிரி ஒரு வாசனை எழும்பியது. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும், நிறம் மாறக் கூடாது, மாறினால் அது வெள்ளை இல்லை. வெள்ளை என்றுதான் இதற்குப் பெயர், வேறு பெயர் கிடையாது. மைதாவை டால்டாவில் வறுத்து, பால்பவுடரைக் கரைத்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு, உப்புக்கண்டத்தை நார் நாராக்கிக் கலந்து, கல்லில் மொறுமொறுவென்று சுட்ட பேக்கரி ரொட்டியின் மேல் ஊற்றித் தருவது. பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மிச்ச வெள்ளையை டப்பாவில் கொண்டுபோனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி எட்டிப் பார்த்து, "இன்னாடி, போஸ்டர் ஒட்டற பசையவா துன்ற, உங்க வீட்ல எலக்சனா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் டப்பாவில் கொண்டுபோனதில்லை. ஆனால் வீட்டில், நைனா லீவில் வந்து பெட்டியை இறக்கின அன்றைக்கு, அந்தப் பசை வாசனை அடுப்படியிலிருந்து கிளம்பினால், அவளும் தம்பி லோகேஷும் தட்டை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், கரண்டியால் தட்டைத் தட்டுவார்கள். கொள்ளுத்தாத்தா சின்னசாமி வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சமையல்காரராக பர்மா எல்லை வரை போனவர், அவர் அங்கே துரைமார்களுக்கு டின் மாட்டுக்கறி போட்டுக் கிண்டியதை இங்கே வந்து உப்புக்கண்டம் போட்டுக் கிண்டினார். அவர் மகன் முனிரத்தினம், அம்சாவின் தாத்தா, அவரும் பட்டாளம். அவர் மகன் ஜெயவேலு, நைனா, அவரும் பட்டாளம். ஆம்பிளைகள்தான் கிண்டுவார்கள். வந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். போகிறவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். இதுதான் பெரிய சட்டம். ஏனென்றால் தாத்தாவின் தம்பி ஏகாம்பரம் எழுபத்தொன்றில் லீவு முடியாமலே தந்தி வந்து கிளம்பினபோது, வாய் விட்டுக் கேட்டானாம், இன்னொரு தடவை வெள்ளை போடு நைனா என்று. கொள்ளுத்தாத்தா மனசு கேட்காமல் கிண்டிப் போட்டார். ஏகாம்பரம் வழித்து நக்கிவிட்டுப் போனான். வரவில்லை. அவன் வராததற்கு ஒரு சண்டை காரணம், ஒரு குண்டு காரணம், ஒரு தட்டுப் பசை எப்படிக் காரணமாகும்? ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. போகிற நாளில் இட்லி, கேசரி, வழிக்குப் புளிச்சோறு. இன்றைக்கும் இட்லி அவிந்து மூடியிருக்கிறது. இவன் அதைத் தின்றுவிட்டுச் சிங்கம் மாதிரிப் போவான். அப்புறம் எல்லோரும் வாசலில் நின்று கையை ஆட்ட வேண்டும்.

ஆட்ட மாட்டாள். பால்பவுடர் கரைசல் பக்கத்தில் சொம்பில் இருந்தது. கொஞ்சம் ஊற்றினாள், உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு மாவு அதை உறிஞ்சிக் களிபோல உருண்டது, அவசரமாகக் கிண்டினாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். படிச்சு என்னக்கா கிழிச்ச. இதுதான் அவன் சொன்னது, போன வெள்ளிக்கிழமை, இதே அடுப்படி வாசலில் நின்று. பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்தில் ஓடி ஓடி செலக்ட் ஆகிவிட்டு வந்து நிற்கிறான், நாலு வருஷ வேலை, நாலு வருஷம் முடிந்ததும் பாதிக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு என்னடா செய்வே என்று அவள் கேட்டாள், டிகிரியை முடிச்சுட்டுப் போயேன்டா, ஆபீசராப் போலாம்டா, என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அதற்குத்தான் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அதுதான் ஆறவில்லை. முறைத்துச் சொல்லியிருந்தால் பதிலுக்கு முறைத்திருக்கலாம். படிச்சு என்னக்கா கிழிச்ச. இந்த வீட்டின் முதல் டிகிரி, கறுப்பு அங்கி போட்ட போட்டோ டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது, நைனாவின் மெடலுக்குப் பக்கத்தில். அவள் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க, எந்த டாக்டர் அனுப்பினாங்க, அங்க உக்காருங்க. பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க. தண்ணி குடிச்சிங்களா, இன்னும் ரெண்டு பாட்டில் குடிங்க. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வாய் தானாக முணுமுணுக்கும், பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க. தேர்வு எழுதுகிறாள், எழுதிக்கொண்டே இருக்கிறாள், லிஸ்ட் வருகிறது, அதில் அவள் இல்லை. அவளுக்கு ஒரு வேலை அமைந்திருந்தால், மேசையும் நாற்காலியும் உள்ள ஒரு வேலை, அப்போது இவன் இப்படிச் சொல்லியிருப்பானா? அப்போது, இருடா நான் பாத்துக்கறேன், நீ படி என்று சொல்லியிருக்கலாம், அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். அதனால் அவன் சொன்னதில் தப்பில்லையோ என்ற நினைப்பு வந்தது, வந்ததும் கோபம் இன்னும் மேலே ஏறியது, கரண்டி பாத்திரத்தில் இடித்தது. அன்றைக்கு அவள் சொன்ன பதில், போய்த் தொலை. அவ்வளவுதான், போய்த் தொலைடா. சொல்லி வாய் மூடவில்லை, அம்மா மாவுக் கையோடு ஓடி வந்து வாய்மேலேயே ஒரு போடு போட்டாள். "பொட்டச்சி வாயில இன்னாடி வார்த்தை வருது! போயிட்டு வான்னு சொல்லுடி! சொல்லு!" அவள் சொல்லவில்லை. உதட்டில் ஒட்டின இட்லி மாவைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது பாத்திரத்தில் இருப்பது குழம்பாகவும் இல்லை, கூழாகவும் இல்லை. மாவுச்சத்து சூட்டில் வீங்கி உடைந்து நீரைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் இது, இதில் ஏகாம்பரமும் இல்லை, சாமியும் இல்லை. முதலிலேயே வறுத்து வைத்திருந்த உப்புக்கண்டத்தை எடுத்துப் போட்டாள். காலையில் டின்னிலிருந்து எடுத்து அம்மியில் வைத்து நசுக்கும்போது யாரையோ நசுக்குவதுபோல் நசுக்கியிருந்தாள், நாராக இல்லை, தூளாகக் கிடந்தது. மிளகையும் தட்டிப் போட்டாள். வாசனை வந்துவிட்டது. பாலும் கொழுப்பும் காய்ந்த கறியும் மிளகும் கலந்த அந்த வாசனை, அது மூக்கில் ஏறினதும் அவள் வயிறு முந்திக்கொண்டு சந்தோஷப்பட்டது, யாரோ வந்துவிட்டார்கள் என்று. வந்துவிட்டார்கள், பெட்டி தொம்மென்று தரையில் இறங்கிவிட்டது. வயிற்றுக்கு என்ன தெரியும். ஒருமுறை இந்த வாசனை வராமல் போனது. அவளுக்கு எட்டு வயது. நைனா வருகிறார் என்று தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், தம்பியையும் இழுத்து உட்காரவைத்தாள். நைனா வந்தார், பெட்டியை அவர் தூக்கவில்லை, வேறு யாரோ தூக்கி வந்து வைத்தார்கள். வலது கையில் பெரிய கட்டு. பனிமலையில் இருந்தார், பனி கடித்துவிட்டது என்றார்கள், பனிக்குப் பல் இருக்கிறதா என்று தம்பி கேட்டான், அம்மா அவன் வாயைப் பொத்தினாள். மூன்று விரல் போய்விட்டது, கட்டைவிரலும் ஆள்காட்டியும் மட்டும் மிச்சம். அவள் தட்டோடு உட்கார்ந்தே இருந்தாள். அடுப்படியில் சத்தமே இல்லை. தாத்தா பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா போய் மெதுவாக, "மாமா, அவர் வந்துட்டாரு, அடுப்ப மூட்டட்டுமா?" என்று கேட்டாள். தாத்தா திரும்பாமலே சொன்னார்: "இன்னாத்துக்கு? லீவுல வந்தவனுக்குச் செய்யறது அது. இவன் எங்க திரும்பிப் போவப் போறான்." அன்றைக்கு எல்லோரும் ரசம் சோறு சாப்பிட்டார்கள். கறி இல்லை போலிருக்கிறது, அதனால்தான் செய்யவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா செத்த பிறகு வெள்ளை நைனா கைக்கு வந்தது. பெரியப்பா மகன் ரகு பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் நைனாதான் கிண்டுவார், இடது கையால். வலது கையால் பாத்திரத்தைப் பிடிக்க வராது, அம்சாதான் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் கற்றுக்கொண்டாள், யாரும் கற்றுத்தரவில்லை. ரகுவுக்கு ஊற்றுவார், பெரியப்பாவுக்கு ஊற்றுவார், பிள்ளைகளுக்கு ஊற்றுவார். அப்புறம் கை கழுவிக்கொண்டு வெளியே போய் நிற்பார். அவர் சாப்பிட்டாரா? கரண்டி ஒரு கணம் நின்றது. நின்றதும் அடியில் பிடிக்கிற வாசனை, மறுபடியும் வேகமாகக் கிண்டினாள். அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அந்தக் கட்டோடு வந்த நாளுக்கப்புறம் ஒருமுறைகூட. ரகு அண்ணன்கூடக் கேட்டிருக்கிறான், "இன்னா சித்தப்பா, நீ துன்னல?" என்று. வயிறு சரியில்லடா என்பார். எத்தனை வருஷமாக வயிறு சரியில்லை? இத்தனையும் நடந்த ஒரு ஆள், இந்த ஆள், வாயைத் திறந்து மகனிடம் ஒரு வார்த்தை, வேணாம்டா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? லோகேஷ் வந்து செலக்ட் ஆயிட்டேன் நைனா என்றபோது என்ன சொன்னார்? "உன் இஷ்டம்." மகன் ஏமாற்றத்தோடு நின்றான், அணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, அதுவும் இல்லை, உதையும் இல்லை, உன் இஷ்டம். மறுநாள் ஷூவுக்கு எப்படி பாலிஷ் போடுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். துணியை விரலில் சுற்றி, தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, வட்டம் வட்டமாக. மீதி இருக்கிற இரண்டு விரலில் சுற்றிக் காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் போகிறேன் என்கிறான்! இவர்களுக்கெல்லாம் கண் எங்கே இருக்கிறது? சர்க், சர்க். இன்னும் எவ்வளவுதான் தேய்ப்பார். முகம் தெரிய வேண்டும், அதுவரை தேய்க்க வேண்டும், அதுவும் சட்டம்.

அவன் விரல்கள் நீளம். அம்மாவுடைய விரல். சின்ன வயதில் வெள்ளை இறக்கின சூட்டோடு பாத்திரத்தின் ஓரத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு ஓடுவான், ஒவ்வொருமுறையும் சுட்டுக்கொள்வான், ஒவ்வொருமுறையும் செய்வான். எந்த விரலைப் பனி முதலில் கடிக்கும்? சுண்டுவிரலையா? வலிக்காதாம் முதலில், நைனா ஒருமுறை யாரிடமோ சொன்னதைக் கேட்டிருக்கிறாள், வலிக்காது, அதுதான் மோசம், நம்ம விரல் மாதிரியே இருக்காது, மரக்கட்டை மாதிரி இருக்கும், தட்டினால் சத்தம் வரும். இவனை எங்கே போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும், ராஜஸ்தானில் போடலாம், வெயிலில் நிற்கட்டும், வெயில் கடிக்காது. போன் வரும். தெரியாத நம்பர். இந்தியில் பேசுவார்கள், அம்மாவுக்குப் புரியாது, அம்மா போனை அவளிடம் நீட்டுவாள், நீதான் படிச்சவளாச்சே, இன்னான்னு கேளு. அவளுக்கும் இந்தி தெரியாது. அவள் டோக்கன் கொடுக்கிற குரலில் கேட்பாள், பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க. லோகேஷ். பத்தொன்பது. எந்த டாக்டர் அனுப்பினாங்க. அடுப்படியில் வெப்பமாக இருந்தது, முதுகில் வியர்வை ஓடியது, ஆனால் பாதம் சில்லென்று தரையில் ஒட்டியது. அப்போது எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நீதானே கிண்டிப் போட்டே. இல்லை, அப்படி எதுவும் கிடையாது, ஸ்டார்ச், கொழுப்பு, பால், உப்பு. ஆனால் நிஜமாகவே நம்பாதவளுக்கு இதை ஏன் இன்றைக்குச் செய்ய வேண்டும்? நாளைக்குச் செய்யலாமே, நேற்றைக்குச் செய்திருக்கலாமே. அவள் பொய் சொல்லிக்கொள்கிறாள். மூட நம்பிக்கையை உடைக்க வந்தவள் மாதிரி நிற்கிறாளே, அது இல்லை. அவன் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் போகலைக்கா என்று உட்கார வேண்டும். வேறு எதுவும் அவளிடம் இல்லை, படிப்பு உதவவில்லை, சொல்லிக்கொள்ள வேலை இல்லை, அவனை நிறுத்திவைக்க அவள் கையில் இருப்பது இந்தப் பசை ஒன்றுதான். தூ. அடுப்பை அணைத்துவிடலாம், பின்பக்கம் கொண்டுபோய் நாய்க்குக் கொட்டிவிடலாம், அம்மா வருவதற்குள் பாத்திரத்தைத் தேய்த்துவிடலாம். கை குமிழுக்குப் போனது. அப்போதுதான் முன்னறையில் பிரஷ் சத்தம் நின்றுவிட்டிருப்பது தெரிந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வாசனை அங்கே போய்விட்டது.

கேட் திறக்கிற சத்தம், செருப்பை உதறுகிற சத்தம், அப்புறம் லோகேஷின் குரல் வாசலிலேயே: "டேய், இன்னா வாசனை இது! ரகு அண்ணன் வந்துட்டானா?" அடுப்படி வாசலுக்கு வந்ததும் அவன் பேச்சு நின்றது. ஒட்ட வெட்டின தலை, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. சட்டைப் பையில் யாரோ ரோஜாப்பூ குத்திவிட்டிருந்தார்கள். பாத்திரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நினைத்தபடியே அவன் முகம் வெளுத்தது, அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக, உதட்டோரம்கூட வெளுத்தது. அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது வாயில் கசந்தது. "ஏங்க்கா," என்றான். "இன்னிக்கு இன்னாத்துக்குக்கா இது?" அவள், "ஏன், பயமா இருக்கா சிங்கத்துக்கு?" என்றாள். தன் குரல் தாத்தாவின் குரல் மாதிரி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. "எனக்கின்னா பயம்." "அப்ப உக்காரு. போடறேன்." "அம்மா வந்தா கொன்னுடும்." "அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ துன்னு. இல்லன்னா பயமா இருக்குன்னு சொல்லு, பெட்டிய உள்ள வெச்சிட்டு காலேஜுக்குப் போ." முன்னறையைத் திரும்பிப் பார்த்தான், அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அவன் சிரித்தான், போன வெள்ளிக்கிழமை சிரித்த அதே சிரிப்பு, இப்போது கிட்டத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அந்தச் சிரிப்புக்கு அடியில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "கெமிஸ்ட்ரி படிச்சவளே நம்பல, எனக்கின்னா," என்றான். "ரொட்டிகூட வேணாம் போ. இப்பவே பாரு." பாத்திரத்தை நோக்கி விரலை நீட்டினான், ஓரத்தை வழிக்க, சின்ன வயதில் செய்கிறதுபோலவே, அதே நீள விரல்.

அவள் கை போனது அவளுக்கே தெரியாது. சுடுகிற கரண்டியின் பிடிப்பக்கம்தான் பட்டது, ஆனால் ஓங்கி, எலும்பில், பட்டென்று. "கைய எடுடா!" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். "தொடாத! தொட்ட, கைய ஒடிச்சிடுவேன், நாயே! எச்சில் கூடப் படக் கூடாது, தள்ளு, தள்ளிப் போ!" அவன் விரலை உதறிக்கொண்டு பின்னால் போய்க் கதவில் இடித்தான். "நீதானக்கா போடறேன்னு சொன்ன!" என்றான், அழுகிற மாதிரி. "நான் சொன்னா? நான் சொன்னா வாய வெச்சிடுவியா? நான் சொன்ன வேற எதடா நீ கேட்ட?" வெள்ளை கரண்டியிலிருந்து அவள் பாதத்தில் சொட்டியது, சுட்டது, அவள் நகரவில்லை. பாத்திரத்துக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குழந்தை கிணற்றில் விழாமல் மறிக்கிறவள் மாதிரி. இவ்வளவுதான் அவள் படித்த படிப்பு.

நைனா வந்து நின்றார். இடது கக்கத்தில் பிரஷ், விரலெல்லாம் கறுப்பு பாலிஷ். மகனைப் பார்த்தார், அவன் விரல் முட்டியில் சிவந்து எழும்புகிற தடிப்பைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்ட வேண்டும், இப்போதாவது இந்த ஆள் வாயைத் திறக்கட்டும். அவர் பிரஷைச் சன்னலில் வைத்துவிட்டு, குழாயில் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாக. சுவரோரம் சாய்த்துவைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடு," என்றார்.

"உனக்கா நைனா?"

"போறவனுக்குத்தான ஆவாது," என்றார் அவர். "வந்தவனுக்கு ஆவும்ல."

அவள் அடுப்பை அணைத்தாள். அழுகை வருகிறது என்று நினைத்தாள், இல்லை, அது கோபம்தான், ஆனால் இப்போது அது தம்பியைத் தாண்டி, இந்த மனிதரைத் தாண்டி, பின்பக்கம் துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவனைத் தேடிப் போனது. அவன் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, படமாகத் தொங்குகிறான், அதற்கு அவள் தினமும் விளக்கு வைக்கிறாள். அவள் மட்டும் என்ன, எட்டு வயதில் தட்டோடு உட்கார்ந்திருந்தவள், தட்டை மூலையில் வைத்துவிட்டு ரசம் சோறு தின்றவள், இவர் கையில் கிண்டவைத்து இவர் கையால் வாங்கித் தின்று வளர்ந்தவள். அவள் ரொட்டியைத் தட்டில் அடுக்கினாள், மேலே வெள்ளையை ஊற்றினாள், ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, ரொட்டி மூழ்கும்வரை. நைனா இரண்டு விரலால் கிள்ளி வாயில் வைத்தார். மென்றார். முகம் ஒரு கோணலாகப் போனது.

"கரிக்குது," என்றார். "உப்புக்கண்டத்த ஊற வெக்கலியா?"

அவள் மறந்துவிட்டிருந்தாள். சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும், அதுதான் முதல் வேலை, இடமிருந்து வலமெல்லாம் ஞாபகம் இருந்த அவளுக்கு அது ஞாபகமில்லை. "கோவத்துல மறந்துட்டேன்," என்றாள். "ம்," என்றார். மறுபடியும் கிள்ளினார். தின்றார், நிதானமாக, அவசரமில்லாமல், தட்டில் விழுந்ததை வழித்து வழித்து, அப்படிக் கரிக்கிறதை மனுஷன் தின்ன முடியாது. லோகேஷ் கதவோரம் விரலைத் தடவிக்கொண்டு அதைப் பார்த்தான். "நைனா, தண்ணி எடுத்தாரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தார். தட்டு காலியானதும் நீட்டினார். "இன்னும் கீதா?" "கீது." "எல்லாத்தையும் போட்டுடு. மிச்சம் வெக்காத." பாத்திரத்தை அவர் தட்டிலேயே கவிழ்த்து, ஓரத்தையெல்லாம் கரண்டியால் சுரண்டினாள், ஒரு துளிகூடத் தம்பிக்கு மிஞ்சாத மாதிரி.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அம்மா கோயிலிலிருந்து அதே ஆட்டோவில் வந்து இறங்கி, குங்குமத் தட்டோடு உள்ளே வந்தவள், மூக்கைச் சுருக்கினாள், அடுப்படியை எட்டிப் பார்த்தாள், புருஷன் தட்டைப் பார்த்தாள். "அய்யய்யோ, இன்னா காரியம்டி..." என்று ஆரம்பித்தவள், "நான் துன்றேன், பரிமளா. புள்ள தொடல," என்று நைனா சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, லோகேஷைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்துப் போனாள், இட்லி தின்னுடா, ராகு காலம் வந்துடும், தின்னு.

பெட்டி ஆட்டோவில் ஏறியது. கூட்டாளிகள் விசிலடித்தார்கள். ஷூ இரண்டும் கறுப்புக் கண்ணாடியாக மின்னின, அந்தப் புழுதித் தெருவில். அம்சா வாசலுக்குப் போகவில்லை, அடுப்படிச் சன்னலில் நின்றாள், கையில் கழுவாத கரண்டி. லோகேஷ் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுச் சன்னல் பக்கம் வந்தான், கம்பிக்கு வெளியே நின்றான். அடிபட்ட கையை மறைத்துக்கொண்டிருந்தான். "அக்கா, வரேன்," என்றான். போயிட்டு வா என்று சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்கிறார்கள், தெருவே சொல்கிறது, அவளுக்கு அது வாயில் வரவில்லை, வந்தால் பொய்யாக இருக்கும், அவளுக்கு அவன் போவதில் சம்மதமில்லை, கடைசிவரை சம்மதமில்லை. அவன் திரும்பி நடந்தான், ஆட்டோவில் ஒரு காலை வைத்தான்.

"டேய் லோகு!"

திரும்பினான்.

"வந்து தொலைடா!" என்று கத்தினாள், கரண்டியைக் கம்பியில் ஓங்கி அடித்து. "வந்து தொலை!"